மூன்றாவது பயணத்துக்குப் பெட்ரோல்

நெகோதின்
1994 பிப்ரவரி 20, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் யாகொதாவுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளை நெனாதும் குழந்தையும் அந்த வின்னிபெக் குளிரில் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் கோயிலில் உங்கள் மூவர் பெயரைச் சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம், எழுந்து நடமாடுகிறோம், இன்று மத்தியானம் ஒரே மேசையில் உட்கார்ந்து பீன்ஸ் சூப் சாப்பிட்டோம், அவருக்குக் கால் கிண்ணம், எனக்கு மீதி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ பாதியில் பயந்து கடைசிப் பக்கத்துக்கு ஓடுவாய், சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. பெர்சிதாவின் மைத்துனர் புதன்கிழமை புடாபெஸ்ட் போகிறார், இதை அங்கே தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார், அதனால் போனில் சொல்லாமல் மறைத்ததையெல்லாம் இதில் எழுதிவிடுகிறேன். திட்டாதே. போனில் உன் குரலைக் கேட்டதும் என் வாயில் பொய்தான் முதலில் வருகிறது, எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்ற பொய்.

நல்லபடியாக இல்லை. அப்பாவை டயாலிசிசுக்கு ஸாயெச்சாருக்கு அழைத்துப் போகும் வேன் நவம்பரோடு நின்றுவிட்டது. பொருளாதாரத் தடையில் டீசல் இல்லை என்று ஒரு தாளில் எழுதி நகராட்சிக் கதவில் ஒட்டினார்கள், அவ்வளவுதான். பஸ் சில நாள் வரும், பல நாள் வராது, வந்தாலும் திரும்பி வர அன்றைக்கு வேறு பஸ் கிடையாது. அங்கேயே அறை எடுத்துத் தங்கலாமே என்று கேட்பாய், அப்பா ஒப்பவில்லை, கூட வரும் பெர்சிதாவுக்கோ படுக்கையில் கிடக்கும் தாயாரை விட்டு ஒரு இரவுகூட நகர முடியாது. பெர்சிதாவை உனக்கு நினைவிருக்கும், தெருக்கோடியில் தையல் கடை, உன் கல்யாண கவுனுக்குக் கை வைத்துத் தந்தவள், போன கோடையிலிருந்து அவளுக்கும் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. ஆகவே நம் பழைய ஜாஸ்தவாவை வெளியே எடுத்தோம். அறுபத்தாறில் அப்பா வாங்கிய அதே சாம்பல் நிற வண்டிதான். ஓட்டுவது நான், பக்கத்து சீட்டிலிருந்து ஓட்டுவது அவர்.

செவ்வாய், வியாழன், சனி, வாரத்துக்கு மூன்று தடவை போக வேண்டும், போய்வர நூற்றிருபது கிலோமீட்டர். நோயாளி வீட்டு வண்டிக்கென்று நகராட்சி வாரத்துக்கு இருபத்தைந்து லிட்டர் தருகிறது. அந்த வண்டி ஒரு லிட்டருக்கு எட்டரை கிலோமீட்டர் போனால் பெரிய விஷயம், அதற்கும் வயது இருபத்தெட்டு. கணக்குப் போட்டுப் பார், இரண்டு தடவைக்கே இழுபறி. சாலையோரத்தில் ஆட்கள் பாட்டிலில் பெட்ரோல் விற்கிறார்கள், ருமேனியாவிலிருந்து ஆற்றைக் கடந்து வருவது, அதில் என்ன கலந்திருக்கிறது என்று கொண்டுவந்தவனுக்கே தெரியாது. டிசம்பர் தொடக்கத்தில் அப்பா ஒரு நாள் மருத்துவமனையிலிருந்து வெளியே வந்து, "டாக்டர் சொல்லிட்டார், இனிமே எனக்கு வாரத்துக்கு ரெண்டு தடவை போதுமாம், உடம்பு தேறிடுச்சாம்" என்றார். நான் நம்பினேன். அன்று மாலை சந்தோஷத்தில் ஆப்பிள் பை கூடச் செய்தேன் யாகொதா, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இரண்டு வாரத்தில் அவர் கணுக்கால் வீங்கி, காலுறை கழற்றினால் ரப்பர் பட்டை பதிந்த இடம் பள்ளமாக நின்றது. மாடிப்படி ஏறப் பாதியில் உட்கார்ந்தார். நான் மாவில் உப்பு அதிகமோ, உருளைக்கிழங்கை அதன் பொட்டாசியம் போக இரண்டு தண்ணீரில் ஊறவைக்க மறந்தேனோ என்று என்னையே நோண்டிக்கொண்டிருந்தேன். நிக்கோலாஸ் பண்டிகைக்கு மீன் கொடுக்கப் பெர்சிதா வீட்டுக்குப் போனபோது அவள் முகமும் ஊதியிருந்தது. உனக்கும் இரண்டு தடவை போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டாரா என்று கேட்டேன். அவள் தையல் மிஷினை நிறுத்தினாள். "எந்த டாக்டரும் அப்படிச் சொல்லல அக்கா. எனக்கும் மூணு, அண்ணனுக்கும் மூணு. பெட்ரோல் பத்தலைன்னு அண்ணனே முடிவு பண்ணிட்டார். ஓசியில உங்க வண்டியில வர்றவ நான், எந்த வாயால கேப்பேன்?" என்றாள். அவர் தன் உயிரைச் சிக்கனம் பிடித்ததோடு நிற்கவில்லை, கேட்காமல் அவளுடையதையும் சேர்த்துப் பிடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. "இல்லாத பெட்ரோலுக்கு நான் என்ன பண்றது, வித்தோசவா? பொய் சொன்னா நீயாவது நிம்மதியா தூங்குவேன்னு பார்த்தேன்" என்றார். பெர்சிதாவைப் பற்றி யோசித்தீர்களா என்றேன். அவர் முகம் மாறியது, உண்மையாகவே அவர் யோசித்திருக்கவில்லை, நாற்பது வருடம் நிலம் அளந்த மனிதர், ஒரு கோல் தவறினால் இரவெல்லாம் தூங்காதவர், இதை அளக்காமல் விட்டுவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை.

அந்த இரண்டு நாளில்தான் எனக்கு யோசனை வந்தது. உனக்குத் தெரியும், கார் இஞ்சினைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, ஆனால் முப்பத்தொரு வருடம் டிவி ரிப்பேர் கடையில் உட்கார்ந்தவள், ஒரு பொறி எங்கே பிறக்கிறது, ஏன் மெலிகிறது என்று எனக்குத் தெரியும். இந்தப் பழைய வண்டிகளில் இரண்டு சின்ன உலோகத் துண்டுகள், பாயின்ட் என்பார்கள், சேர்ந்து சேர்ந்து பிரியும், பிரியும்போதெல்லாம் காயிலிலிருந்து பிளக்குக்குத் தீப்பொறி போகும். மின்சாரம் முழுவதும் அந்தப் பாயின்ட் வழியாகத்தான் போக வேண்டும், அதனால் அது கருகிக் கருகிப் பள்ளமாகும், பொறி மெலியும், பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலே புகைக்குழாய் வழியாகப் போய்விடும். நடுவில் ஒரு டிரான்சிஸ்டரை வைத்துவிட்டால் பாரமெல்லாம் அது சுமக்கும், பாயின்ட் வெறும் சைகை மட்டும் காட்டினால் போதும். பொறி தடிமனாக விழும், கொஞ்சம் மெலிந்த கலவையையும் எரித்துவிடும். பெரிய டிவிக்குள் படத்தை வரி வரியாக இழுக்கும் டிரான்சிஸ்டர் இருக்கிறதே, ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் தாங்குவது, அது இந்த வேலைக்குப் போதும். செத்த டிவிகள் நம் நிலவறையில் எத்தனை கிடக்கின்றன என்று உனக்கே தெரியும், தூக்கிப் போடச் சொல்லி நீதான் வருடா வருடம் சண்டை போடுவாய்.

அப்பாவிடம் சொன்னதும் குதித்தார். "அறுபத்தாறுல இருந்து இந்த பானட்டை என்னைத் தவிர ஒருத்தரும் தொறந்ததில்ல. டிவி சாமானை உள்ள வெச்சு என்ன, வண்டியில படம் ஓட்டப் போறியா?" என்றார். படம் ஓட்டவில்லை, உங்களை ஓட்டிக்கொண்டு போகத்தான் என்றேன். "தொட்டா பாரு" என்று சாவியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். பானட் திறக்கச் சாவி வேண்டாம் என்பதைக் கோபத்தில் மறந்துவிட்டார். நான் மாற்றுக் காலணியைப் போட்டுக்கொண்டு நேராக வண்டி நிற்கும் கொட்டகைக்குப் போனேன்.

முதலில் வண்டி உண்மையில் எவ்வளவு குடிக்கிறது என்று தெரிய வேண்டும் இல்லையா. ஒரு லிட்டர் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி, பானட்டுக்குள் கட்டித் தொங்கவிட்டு, டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றி இதில் சொருகி, டான்யூப் பக்கம் போகும் சமதளச் சாலையில் அது தீர்ந்து நிற்கும்வரை ஓட்டினேன். அப்பா பேசமாட்டேன் என்று சபதம் எடுத்தவர், வாளி நிறைய மணலை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் ஏறிவிட்டார். "நீ எரிஞ்சாலும் பரவால்ல, வண்டி எரியக்கூடாது" என்றார். எட்டு கிலோமீட்டரும் நானூறு மீட்டரும். பிறகு மூன்று வாரம் சமையலறை மேசை என் பட்டறை ஆனது. மின்சாரம் இருக்கும் நேரம் பார்த்துச் சால்டரிங் செய்தேன், பிஸ்கட் டப்பா ஒன்றுக்குள் எல்லாவற்றையும் அடக்கினேன், பிளக் இடைவெளியைக் கொஞ்சம் அகலமாக்கினேன், கார்புரேட்டரில் பெட்ரோல் விடும் சின்ன ஜெட்டை ஒரு அளவு குறைத்துப் போட்டேன். ஜனவரி நடுவில் மறுபடி பாட்டில், மறுபடி மணல் வாளி. வண்டி பத்து கிலோமீட்டர் தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா மைல்கல்லைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பத்தரையில் நின்றது. நான் மெதுவாக ஓட்டியதும் அதில் சேர்த்தி, டப்பா மட்டும் செய்த மாயமில்லை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் மூன்றாவது பயணம் கைக்கு எட்டும் தூரத்தில் வந்துவிட்டது. மீதி சில லிட்டருக்கு டிவி ரிப்பேர் இருக்கிறது, இப்போதெல்லாம் ஊரில் ஆட்கள் கூலியாகப் பெட்ரோல் பாட்டில்தான் கொண்டுவருகிறார்கள்.

இனி எழுதப்போவதை நிதானமாகப் படி. ஜனவரி இருபத்தைந்து, செவ்வாய்க்கிழமை. முந்தின சனிக்கிழமை பனி கொட்டி சாலை மூடிவிட்டது, போகவில்லை, ஆக வியாழனுக்குப் பிறகு ஐந்து நாள் ஆகியிருந்தது இருவருக்கும். அப்பா உதடு சாம்பல் நிறம், மூச்சு விடும்போது உள்ளே தண்ணீர் சலசலக்கும் சத்தம் எனக்கே கேட்டது. பெர்சிதா பின் சீட்டில் போர்வைக்குள். புறப்பட்டு அரை மணி நேரம் வண்டி தையல் மிஷின் மாதிரி ஓடியது, பெர்சிதாவே அப்படிச் சொன்னாள். சலாஷ் ஊருக்கு முந்தின ஏற்றத்தில் பாதி ஏறியிருப்போம், ஒரு இருமல்கூட இல்லாமல் இஞ்சின் அணைந்துவிட்டது. வண்டி அப்படியே நின்றது. எனக்கு அந்த வாசனை வந்தது, டிரான்சிஸ்டர் கருகினால் வரும் வாசனை, முப்பத்தொரு வருடம் முகர்ந்த வாசனை. பானட்டைத் திறந்தேன், டப்பாவைத் தொட்டால் விரல் சுட்டது. புகைக்குழாய்க்குப் பக்கத்தில், இடம் இருக்கிறது என்று நானேதான் அங்கே மாட்டியிருந்தேன். டிவிக்குள் எதை எங்கே வைத்தால் வெந்துபோகும் என்று எத்தனை பேருக்குச் சொல்லித் தந்திருக்கிறேன், என் கையால் இப்படிச் செய்தேன்.

சரி, டப்பாவை விலக்கிவிட்டுப் பழைய மாதிரி பாயின்ட்டில் நேராகக் கம்பியை இணைத்தால் வண்டி ஓட வேண்டும், அதற்கென்றே ஒரு கம்பியை விட்டு வைத்திருந்தேன். இணைத்தேன். இஞ்சின் நாலு தடவை துப்பியது, படார் என்று ஒரு வெடி, அவ்வளவுதான். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. பாயின்ட்டோடு இருக்க வேண்டிய கண்டென்சர், சுண்டு விரல் அளவு உருளை, அது இல்லாமல் பாயின்ட்டில் பொறி சிதறிவிடும், பிளக்குக்குப் போகாது. டப்பா போட்ட பிறகு அது தேவையில்லை என்று கழற்றிச் சமையலறை ஜன்னலில் ஊறுகாய் ஜாடிக்குள் போட்டு வைத்திருந்தேன். அங்கிருந்து ஜன்னல் முப்பது கிலோமீட்டர்.

காற்று பக்கவாட்டில் பனியை அறைந்தது. ஒரு வண்டி வரவில்லை யாகொதா, முக்கால் மணி நேரத்தில் ஒன்றுகூட. கண்ணாடி வழியாகப் பார்த்தால் அப்பா கண்ணை மூடியிருந்தார். பெர்சிதா ஜன்னலை ஒரு விரல் இறக்கி, "அக்கா, என் உதடு மரத்துப்போச்சு, இனி உங்களைத் திட்டக்கூட முடியாது போல" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள், ஆனால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் உதடு மரக்கும் என்று மருத்துவமனைச் சுவரில் படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள், எங்கள் மூவருக்கும் தெரியும். அடுத்தது இதயம். ஸ்பானர் கை நழுவிப் பனிக்குள் விழுந்தது, மண்டி போட்டுத் துழாவினேன். அப்பா கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார். நான் கத்தினேன். இறங்க முடியாமல் அப்படியே உட்கார்ந்துகொண்டு, "வித்தா, ரேடியோ கரகரக்காம இருக்க டைனமோ மேல ஒண்ணு மாட்டினேனே, எழுபதுல, அது என்ன?" என்றார்.

அது கண்டென்சர். அளவு சரியாக இல்லை, வேலையும் வேறு, ஆனால் கண்டென்சர்தான். இருபத்துநாலு வருட அழுக்கில் உறைந்துபோன திருகு, கையுறையோடு பிடிக்க வராது, கையுறையைக் கழற்றினால் இரும்பு தோலைப் பிடிக்கிறது. கட்டை விரல் நகம் பாதி போனது, பயப்படாதே, வளர்ந்துகொண்டிருக்கிறது. எடுத்துப் பாயின்ட் பக்கத்தில் கம்பியால் கட்டினேன், சாவியைத் திருப்பினேன், ஒன்று, இரண்டு, மூன்றாவதில் பிடித்தது. நொண்டியது, புகைத்தது, ஆனால் ஓடியது. நான் அழுதுகொண்டே ஓட்டினேன், அப்பா, "ரெண்டாவது கியர், ரெண்டாவது" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும், இதைப் பாதிரியாரிடம் சொல்லும் முன் உன்னிடம் சொல்கிறேன். சலாஷ் பஸ் நிறுத்தத்தில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார், கையில் பை, காதை மூடிய தொப்பி. வுக்காதின். எங்களுக்கு அடுத்த படுக்கையில் அவருக்கும் அதே மிஷின்தான், அவருக்கு வண்டி கிடையாது, அதனால் நகராட்சி பெட்ரோலும் கிடையாது, முறை நாளெல்லாம் சாலைக்கு வந்து யாராவது ஏற்றிக்கொள்வார்களா என்று நிற்பார். அப்பாவுக்கும் அவருக்கும் இருபது வருடமாகப் பேச்சில்லை. அவர் அண்ணன் தம்பி பாகப் பிரிவினைக்கு அப்பா அளந்தபோது கோடு கிணற்றுக்கு அந்தப் பக்கம் விழுந்தது, கிணறு அண்ணனுக்குப் போய்விட்டது, அப்பா காசு வாங்கிக்கொண்டு அளந்தார் என்று இவர் ஊரெல்லாம் சொன்னார். அவர் கையை உயர்த்தினார். வண்டி எங்களுடையது என்று தெரிந்தபோது கை கொஞ்சம் இறங்கியது, முழுவதும் இறங்கவில்லை. அப்பா, "நிறுத்து" என்றார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் இஞ்சின் அணையும், அணைந்தால் மறுபடி பிடிக்காது, வண்டிக்குள் இரண்டு உயிர். "வித்தா, நிறுத்து" என்று மறுபடி சொன்னார். நான் அவரைப் பார்க்காமல் ஓட்டிவிட்டேன். பக்கக் கண்ணாடியில் வுக்காதின் சின்னதாகிக்கொண்டே போனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

மருத்துவமனையில் நர்ஸ் அப்பா உதட்டைப் பார்த்ததும் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர், இன்னும் இரண்டு மணி நேரம் தாமதித்திருந்தால் என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். நாலு மணி நேரம் மிஷின் ஓடியது. பெர்சிதாவின் உதட்டுக்கு உணர்ச்சி வந்ததும் முதல் வேலையாக என்னைத் திட்டினாள், எனக்கு அது பாட்டுக் கேட்ட மாதிரி இருந்தது. அடுத்த படுக்கை காலியாக இருந்தது, வெள்ளை விரிப்பு மடிப்புக் கலையாமல். நாலு மணி நேரமும் அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் யாரும் இல்லை, மிதித்த பனி மட்டும் இருந்தது.

வீட்டுக்கு வந்து அவர் நேராகப் படுக்கப் போவார் என்று நினைத்தேன். மேசையில் உட்கார்ந்து, கருகிய டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை எங்க மாட்டியிருக்கணும்?" என்று கேட்டார். முன்னால், காற்று படும் இடத்தில், தடித்த அலுமினியத் தகட்டில் என்றேன். "தகடு நான் வெட்றேன். ஜாடியில இருக்கறதைப் பழைய இடத்துலயே மாட்டி வை, ஒரு சுவிட்ச் போடு, டப்பா போனா சாலையில மண்டி போடாம மாத்திக்கலாம்" என்றார். அது நான் முதல் நாளே யோசித்திருக்க வேண்டிய விஷயம், அவர் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. டிரான்சிஸ்டர்தான் இல்லை. நிலவறையில் இருந்த மற்றதையெல்லாம் சோதித்தேன், எல்லாம் செத்தது. புதன்கிழமை காலை பெர்சிதா தன் டிவியைக் குழந்தைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள், நல்லா ஓடுகிற டிவி. "இதுல என்ன பார்க்கறேன், அதே செய்தி, அதே மூஞ்சிங்க. பிரிச்சு எடுங்க அக்கா" என்றாள். நான் தயங்கியதைப் பார்த்து, "எடுக்கலைன்னா சுத்தியலால உடைச்சுக் குடுத்துட்டுப் போவேன்" என்றாள். எடுத்தேன். அப்பா நாள் முழுவதும் உட்கார்ந்து அறுத்து, அரத்தால் தேய்த்து, நாலு ஓட்டை போட்டார், ஒவ்வொரு ஓட்டைக்கும் பத்து தடவை அளந்தார், நடுவில் மூச்சு வாங்கியபோது நான் ரம்பத்தை வாங்கப் போனால் கையைத் தட்டிவிட்டார்.

வியாழக்கிழமை ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பினோம். ஏற்றத்தில் எனக்கு இஞ்சின் சத்தத்தைத் தவிர வேறொன்றும் காதில் விழவில்லை. ஏறிவிட்டது. பஸ் நிறுத்தத்தில் வுக்காதின் இல்லை. அப்பா இடது பக்கச் சந்தில் திரும்பச் சொன்னார், அந்த வீடு அவருக்குத் தெரியும், அவர் அளந்த வீடுதானே. இஞ்சினை அணைக்காதே என்றும் சொல்லவில்லை, அணை என்றும் சொல்லவில்லை, நானே ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறந்த அம்மாள் கறுப்பு உடை உடுத்தியிருந்தாள், எனக்கு உயிர் போய் வந்தது. இல்லை, அது அவள் மாமியாருக்காக, வருடம் முடியவில்லை. வுக்காதின் உள்ளே நாற்காலியில் இருந்தார், படுத்தால் மூச்சு முட்டுகிறதாம், ஏழு நாளாகப் போகவில்லை, கண் இரண்டும் வீங்கிக் கோடாக இருந்தது. அந்தக் கோட்டுக்குள்ளிருந்து எங்களைப் பார்த்து, "அந்தாள் வண்டியிலயா? அதுக்கு நான் இங்கயே செத்துப்போவேன்" என்றார். பெண்சாதி அழ ஆரம்பித்தாள். நான் முந்திக்கொண்டு, அன்றைக்கு நிறுத்தாமல் போனது நான், அப்பா நிறுத்தச் சொன்னார் என்றேன். வுக்காதின் என்னைப் பார்க்கவே இல்லை.

அப்பா வாசல்படியில் கையூன்றி நின்றார். "கோடு சரியான கோடுதான் வுக்காதின். இன்னைக்கு அளந்தாலும் அங்கதான் விழும், நான் மாத்த மாட்டேன்" என்றார். எனக்கு அவரை அப்படியே அடிக்க வேண்டும் போல் இருந்தது, சமாதானம் பேச வந்த இடத்தில் பேசுகிற பேச்சா அது. பிறகு சொன்னார், "ஆனா பின் சீட்டுல நான் கோடு போடல. பெர்சிதா ஒல்லி, இடம் இருக்கு. என்னைத் திட்டணும்னா ஸாயெச்சார் வரைக்கும் நேரம் இருக்கு, வழி முழுக்கத் திட்டு. இங்க நின்னு திட்டினா பெட்ரோல் வீணாகுது." வுக்காதின் பெண்சாதியிடம், "என் தொப்பியை எடு" என்றார்.

அவர் சொன்னபடியே வழி முழுக்கத் திட்டினார் யாகொதா, கிணற்றில் தொடங்கி அப்பாவின் தகப்பனார் வரை போனார், அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார், பெர்சிதா நடுவில், "இவ்வளவு மூச்சு இருக்கறவருக்கு எதுக்கு டயாலிசிஸ்?" என்று கேட்டுவிட்டாள். பிறகு வுக்காதின்தான் முதலில் சிரித்தார்.

அன்றிலிருந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, ஒரு முறைகூட விடவில்லை, மூவருமே. டப்பா இப்போது முன்பக்கக் கம்பி வலைக்குப் பின்னால் இருக்கிறது, ஒவ்வொரு பயணத்திலும் பாதி வழியில் நிறுத்தித் தொட்டுப் பார்க்கிறேன், வெதுவெதுப்புதான். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், ஏற்றம் வரும்போது இன்னமும் என் கால் கல்லாகிவிடுகிறது. மூன்றாவது ஆளின் பாரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கிறது, வுக்காதின் வீட்டம்மாள் எங்கிருந்தோ ஒரு பாட்டில் பெட்ரோல் கொண்டுவந்து சீட்டுக்கடியில் வைக்கிறாள், எங்கே கிடைத்தது என்று நான் கேட்பதில்லை. அப்பாவின் கணுக்கால் இளைத்துவிட்டது, மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறுகிறார். அவர் குணமாகிவிட்டார் என்று நினைத்துக்கொள்ளாதே, அப்படி ஒன்றும் நடக்காது, அவர் இருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் நேற்று சனிக்கிழமை நடந்ததை மட்டும் சொல்லி முடிக்கிறேன். டிசம்பரிலிருந்து ஒவ்வொரு தடவையும் அவரை நான்தான் எழுப்பி, உடுத்தி, தள்ளி வெளியே கொண்டுவருவேன். நேற்று நான் எழுந்து வரும்போது அவர் சவரம் செய்து, கோட்டு போட்டு, வண்டியின் முன்கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "என்ன இன்னும் தூக்கமா? அந்த ரெண்டு பேரும் குளிர்ல காத்துக்கிட்டு நிப்பாங்க இல்ல?" என்றார்.

நீ பயந்துபோய் விமான டிக்கெட் எடுக்காதே, எல்லாம் அடங்கட்டும், கோடையில் வா. தனித் தாளில் ஒரு டிரான்சிஸ்டர் எண்ணை எழுதி வைத்திருக்கிறேன், அங்கே கிடைத்தால் மூன்று வாங்கி, கம்பளிக் காலுறைக்குள் சுருட்டி, வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்பு. இரண்டு நம் வண்டிக்குக் கையிருப்பு, ஒன்று பெர்சிதாவின் டிவிக்கு, அது முதலில், மறக்காதே. குழந்தைக்குத் தொப்பி போடாமல் வெளியே விடாதே. மாப்பிள்ளையைக் கோபத்தில் இரண்டு நாளுக்கு மேல் பேசாமல் வைக்காதே, வைத்துப் பார்த்தவள் சொல்கிறேன். ஆண்டவர் உங்கள் மூவரையும் தன் கைக்குள் வைத்திருக்கட்டும், உன் வீட்டில் அடுப்பு அணையாமல் இருக்கட்டும், நீ எடுக்கும் வேலை உன் கைக்கு வசப்படட்டும். அப்பா உன் நெற்றியில் முத்தம் கொடுக்கச் சொன்னார், தான் சொன்னதாக எழுத வேண்டாம் என்றும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை மறுபடி அந்த ஏற்றத்தில் ஏறப்போகும்,
உன் அம்மா
வித்தோசவா